பழைய வோல்வோவுக்கு முன்விளக்குக் கழுவி: சுங்கை சிப்புட் பட்டறையில் செய்த வேலை

என்னுடையது மலேசியாவின் ஷா ஆலமில் பொருத்தப்பட்ட வோல்வோ 240. காலை 5 மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் கூட்டத்துக்கு) புறப்படும்போது முன்னால் செம்பனைக் குலை லாரி ஒன்று போனால் போதும், செம்மண்ணும் பனிநீரும் குழைந்து விளக்குக் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். பாதையோரக் கால்வாய் கண்ணுக்கே தெரியாது. இருட்டில் சைக்கிளில் வரும் பால்மரம் வெட்டும் தொழிலாளர்களை நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் வேறொரு ஊர்க் கடையில், முன்கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் குழாயையே பிரித்து விளக்குகளுக்கும் விட்டார்கள். அந்தச் சிறு பம்பு நான்கு முனைகளுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் போனதால், விளக்கின் மேல் தண்ணீர் பீய்ச்சவில்லை, வெறுமனே வழிந்தது. 150 வெள்ளி (ரிங்கிட்) வீண்.

பிறகு சுங்கை சிப்புட்டில் நம்மவர் ஒருவர் நடத்தும் பட்டறைக்குப் போனேன். விளக்குக்கென்றே தனிப் பம்பு, தனித் தொட்டி, பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, பியூஸ் என்று எல்லாவற்றையும் புதிதாகவே போட வேண்டும் என்றார். முனைகளை மட்டும் பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுத்துக்கொண்டார். பம்புக்கும் முனைக்கும் நடுவே அவர் வைத்த ஒருவழி வால்வுதான் இந்த வேலையின் உயிர் என்பேன், ஏனெனில் குழாயில் தண்ணீர் எப்போதும் நிரம்பியிருப்பதால் பொத்தானை அழுத்திய உடனே முழு வேகத்தோடு பாய்கிறது, பம்பரிலும் சொட்டுவதில்லை. விளக்கு எரியும்போது மட்டுமே இயங்கும்படி ரிலேவுக்கு மின்சாரம் எடுத்திருக்கிறார்.

வேலை முடிந்ததும் அவர் தம் கையாலேயே இரண்டு விளக்கிலும் சேற்றைப் பூசி, வலப்பக்கத்தை மட்டும் கழுவவிட்டு, பட்டறைச் சுவரில் விழுந்த இரு ஒளிவட்டங்களையும் காட்டினார். இடப்பக்கம் மங்கிய தேநீர் நிறம். வலப்பக்கத்தில் சுவரின் செங்கல் இடுக்குகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. “ஓடும்போது காத்து தண்ணிய கீழ தள்ளும் சார், அதான் கொஞ்சம் மேல தூக்கி வெச்சிருக்கேன்” என்றவர், என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து வந்து, திரும்பியதும் முனைகளை இன்னொரு முறை சரிசெய்தார்.

ஐக்கிய நாடுகளின் 48ஆம் வாகன ஒழுங்குவிதி, 2000 லூமனை (ஒளியை அளக்கும் அலகு) தாண்டும் தாழ்கதிர் விளக்குகளுக்கே கழுவியைக் கட்டாயமாக்குகிறது. என் காரின் எச்4 ஹாலஜன் பல்பு உயர்கதிரிலும் சுமார் 1650 லூமன்தான்; ஆகவே இது சட்டத்துக்காகச் செய்ததன்று. காய்ந்து இறுகிய செம்மண்ணும் ஒட்டிய பூச்சிகளும் இதில் போவதில்லை, துணிதான் வேண்டும். தண்ணீர்ச் செலவும் அதிகம். 4 லிட்டர் தொட்டியை வாரந்தோறும் நிரப்புகிறேன்.

சாமானும் கூலியும் சேர்த்து 420 வெள்ளி ஆனது. இரண்டாம் வாரத்தில் இடப்பக்க முனை சற்றே சாய்ந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டியதும் காசு வாங்காமல் நிமிர்த்திக் கொடுத்தார்.