காந்தப் பெட்டியை நம்பி கூலிங் டவரின் வடிகால் வால்வை மூடிவிடாதீர்கள்

கோவையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். நான்கு மெஷின், அவற்றின் சூட்டை வாங்கிவரும் தண்ணீரைக் கொஞ்சம் ஆவியாக்கிக் குளிரவைக்கும் ஒரு கூலிங் டவர், முழுக்கப் போர் தண்ணீர். கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பு, லிட்டருக்கு 640 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்சமே 600தான்.

போன வருடம் ஒருவர் காந்தப் பெட்டி கொண்டுவந்தார். பைப்பில் மாட்டினால் போதும், கெமிக்கலே வேண்டாம், உப்பு பிடிக்காது, விலை 85 ஆயிரம் என்றார். ஆசிட் ஊற்றியே சலித்துப் போயிருந்தேன், முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். மாட்டிய பிறகும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எதுவும் மாறவில்லை. கேட்டதற்கு, "உப்பு போகாதுங்க சார், அதோட வடிவம் மாறிடும், ஒட்டாது" என்றார். அது பொய்யென்று காட்ட என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. காந்தத்தைப் பற்றிய ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, பெட்டியோடு விட்டிருந்தால் பணம் மட்டும்தான் போயிருக்கும். "இனி தண்ணியைத் திறந்துவிட வேண்டாம், வால்வை மூடிடுங்க, தண்ணியும் மிச்சம்" என்றார். மூடினேன். அங்கேதான் கெட்டது.

டவரில் ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் கீழேயே தங்கும். அதுவரை ஆவியாகும் அளவுக்கே வடித்தும் விட்டு, உப்பைப் போர் தண்ணீரில் இருப்பதன் 2 மடங்கோடு நிறுத்தி வைத்திருந்தேன். மூடியதும் அது ஏறிக்கொண்டே போனது. பெரும்பாலான உப்புகளைப் போலன்றி, குழாயில் படியும் சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) சூட்டில் இன்னும் குறைவாகத்தான் கரையும். அதனால் சூடு அதிகமாக இருக்கும் ஆயில் கூலர் (மெஷின் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி) குழாயில்தான் முதலில் படிகிறது.

டவரின் அடித்தொட்டியில் வெள்ளைத் துகள் மிதந்தபோது, "பழைய உப்பு கழன்று வருது, நல்ல அறிகுறி" என்றார். மூன்றாம் மாதம் ஆயில் சூடாகி மெஷின் நின்றது. கூலரைத் திறந்தால் பாதிக் குழாய்கள் முட்டை ஓடு கனத்துக்கு அடைத்திருந்தன. இரண்டு குழாய்களை மாற்றவே வேண்டியதாயிற்று. போன் செய்தேன். "உங்க தண்ணி ரொம்ப மோசம், பெரிய மாடல் வாங்கணும்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. போர் தண்ணீரையும் டவர் தண்ணீரையும் ஒரே நாளில் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்து குளோரைடு, கால்சியம் இரண்டையும் பாருங்கள். குளோரைடு இந்த அளவில் படியாது, கரைந்தே இருக்கும். எனக்குக் குளோரைடு 7 மடங்கு ஏறியிருந்தது, கால்சியம் 2 மடங்குகூட இல்லை. மீதிக் கால்சியம் எங்கே போனது? என் குழாய்களுக்குள்தான். எந்தப் பெட்டியை மாட்டினாலும் இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

இப்போது வால்வு திறந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் ரெசின் சாஃப்ட்னர் போட்டிருக்கிறேன், அதன் ரெசினை அவ்வப்போது சாதாரண உப்புக் கரைசலில் கழுவினால் போதும். அதில் வரும் மென்னீர் மட்டும் ஓடினால் இரும்பை அரிக்கும் என்பதால் கொஞ்சம் போர் தண்ணீரும் கலக்கிறேன். கெமிக்கல் இல்லாத கருவி என்று யாராவது வந்தால், வால்வை மூடச் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மூன்று மாதம் குளோரைடும் கால்சியமும் ஒரே மடங்கில் ஏறினால்தான் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.