சதையி அழற்சிக்கு ஸ்கோர் போடுற ஆப், ரெண்டு வருசம் பாவிச்ச பிறகு மூண்டரை ஸ்டார்

ப்ளே ஸ்டோர்ல இலவசமா கிடக்குற ஒரு மெடிக்கல் கல்குலேட்டர் ஆப் பற்றித்தான் எழுதுறன், பேர் போடமாட்டன் ஏனெண்டா கீழ கொஞ்சம் ஏசப்போறன். நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேர்ஜிக்கல் வார்ட்ல வேலை. ஆப்புக்குள்ள நூத்துக்கணக்கா கணக்கு கிடக்கு, நான் கூடத் திறக்கிறது ஒண்டே ஒண்டுதான், அக்யூட் பான்கிரியாட்டைட்டிஸ், அதாவது சதையி (கணையம்) திடீரெண்டு அழற்சியாகி வாற ஆள் தப்புவாரா இல்லையா எண்டு பார்க்கிற ஸ்கோர்.

நம்ம பக்கம் சதையி வீங்கி வாறவங்கள்ல பித்தப்பைக் கல்லுக்காரரும் குடிக்காரரும்தான் கூட. நடு வயித்தில பிடிச்சு முதுகால ஊடுருவிப் போகுது எண்டு சொல்லிக்கொண்டு முன்னுக்குக் குனிஞ்சபடியே வருவாங்க. நூறு பேர்ல எண்பது பேர் அளவில சேலைனும் வலி மருந்துமா ஒரு கிழமைக்குள்ள வீட்ட போயிடுவாங்க, மிச்ச ஆக்களுக்குத்தான் மறுகா மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும், கிட்னி கைவிடும். வந்த இரவு ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் முனகிக்கொண்டு கிடப்பாங்க, ஆர் எந்தப் பக்கம் போவார் எண்டு முகத்தைப் பார்த்துச் சொல்லேலாது. சதையி சுரக்கிற அமைலேஸ் எண்ட நொதி இரத்தத்தில 2000 எண்டு ரிப்போட் வந்தா சொந்தக்காரர் பதறுவாங்க, ஆனா அமைலேஸ் எவ்வளவு ஏறிச்சோ அவ்வளவு ஆபத்து எண்டு ஒரு கணக்கும் இல்ல. அது நோய் என்னண்டு சொல்லும், ஆள் என்னாவார் எண்டு சொல்லாது.

அங்கதான் பைசாப் ஸ்கோர் உதவுது. 2008ல வந்தது, அமெரிக்காவில 200க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள்ல ஏறக்குறைய 18,000 பேர்ட விபரத்தை வச்சுக் கட்டினது. அஞ்சே அஞ்சு கேள்வி. பி.யு.என் (இரத்தத்தில இரிக்கிற யூரியாவில நைதரசன் மட்டும் எவ்வளவு எண்ட அளவு) 25க்கு மேலயா, நினைவு தடுமாறுதா, நாடித்துடிப்பு காய்ச்சல் மூச்சு வெள்ளணு இந்த நாலில குறைஞ்சது ரெண்டு பிழைச்சிருக்கா, வயசு 60 தாண்டிட்டா, எக்ஸ்ரேயில நெஞ்சுக்கூட்டுக்குள்ள தண்ணி இரிக்கா. ஒவ்வொண்டுக்கும் ஒரு பொயின்ட், முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளயே போடலாம், இரவு ரெண்டு மணிக்கும் எங்களிட்ட கிடக்கிற சாமானை வச்சே போடலாம். பூச்சியம் எண்டா இறப்பு 1 வீதத்துக்கும் குறைவு, அஞ்சும் விழுந்தா 20 வீதத்தைத் தாண்டும், மூண்டிலயிருந்து உசாராகணும். இந்தப் பக்கத்துக்கு அஞ்சு ஸ்டாரும் குடுக்கலாம், அந்த யூரியாப் பெட்டி மட்டும் இல்லாட்டி.

கதையச் சொல்றன். போன மாரியில ஒரு இரவு, வெளிய அடிச்சு ஊத்துது, 63 வயசு அம்மா ஒராள் பித்தப்பைக் கல்லோட வந்தா. ரிப்போட்ல பிளட் யூரியா 44. நான் நித்திரைக் கண்ணோட 44ஐ அப்படியே ஆப்பில அடிச்சிட்டன். வயசுக்கு ஒண்டு, நாடித்துடிப்பும் வெள்ளணுவும் சேர்ந்து ஒண்டு, யூரியாவுக்கு ஒண்டு, ஆக மூண்டு, ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாப் போச்சு. பின்னால நிண்ட மகன் எட்டிப் பார்த்திட்டார்.

“டொக்டர், அதில என்ன சிவப்பாக் காட்டுது?”

நான் ஐசியூவில பெட் கேட்க ஃபோனை எடுக்கப் போய், பிறகுதான் மண்டையில தட்டிச்சு. ஆப் கேட்கிறது பி.யு.என், எங்கட லாப் தாறது யூரியா. ரெண்டும் ஒண்டில்ல, யூரியாவை 2.14ஆல பிரிச்சாத்தான் பி.யு.என் வரும், 44ஐப் பிரிச்சா 20.6, அதுக்குப் பொயின்டே இல்ல. திருத்தினன், மூண்டு ரெண்டாச்சு, சிவப்பு மஞ்சளாச்சு.

“இப்ப எப்பிடி டொக்டர் குறைஞ்ச?”

என்னத்தைச் சொல்றது. “தம்பி, நான்தான் பிழையா அடிச்சிட்டன், அம்மா அப்பிடியேதான் இரிக்கா” எண்டன். மனிசன் என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஆறாம் நாள் நடந்துதான் வீட்ட போனா.

இதையாவது சமாளிக்கலாம், மற்றப் பக்கத்துப் பிழை இன்னும் மோசம். சில லாப் யூரியாவை மில்லிமோல் எண்ட வேற யூனிட்ல தரும். அந்தக் கணக்கில வெட்டு எல்லை 9க்குக் கிட்ட, ரிப்போட்ல 12 எண்டு வந்ததை அப்படியே அடிச்சா 25க்குக் கீழ எண்டு ஆப் பேசாம இருந்திடும், கிட்னி அடிவாங்கின ஆளுக்குப் பச்சை காட்டும். யூனிட் மாத்துற பட்டன் ஒண்டு இரிக்குத்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல மூலைக்குள்ள கிடக்கு.

ரெண்டாவது ஏச்சு வெறும் பெட்டிக்கு. ரான்சன் ஸ்கோர் 1974ல வந்த பழைய ஆள், பதினொரு கேள்வி, அஞ்சு வந்த உடனே, ஆறு 48 மணித்தியாலம் கழிச்சு. அதில கேட்கிற எல்.டி.எச் எண்ட இரத்தப் பரிசோதனை இரவில எங்களிட்ட செய்யேலாது, இரத்தத்தில ஒட்சிசன் பார்க்கிற பிளட் காஸும் எல்லா நாளும் இல்ல. விட்டுட்டுப் போனா ஆப் அதை நோர்மல் எண்டு எடுத்து மொத்தத்தைப் போட்டுக் காட்டுது. பார்க்காதது வேற, நல்லா இருக்கிறது வேற, இது தெரியாத ஆப்பை என்ன செய்ய? கிளாஸ்கோ எண்ட மற்ற ஸ்கோரிலயும் இதே வியாதி. அப்பாச்சி ரெண்டு எண்ட ஸ்கோர் ஐசியூக்காரருக்குச் சரி, பன்னிரெண்டு அளவு, வயசு, பழைய வருத்தம் எல்லாம் அடிச்சு முடிக்க நோயாளிக்கு அடுத்த சேலைன் போத்தல் மாத்துற நேரம் வந்திடும்.

ஒண்டைச் சொல்லோணும், ஸ்கோரை ஒருக்கா போட்டுட்டு விடுறதில பிரயோசனமில்ல. இந்த நோய் எவ்வளவு கடுமை எண்டு பிரிக்கிற, 2012ல திருத்தின அட்லான்டா வகைப்படுத்தல்ல கடும் நோய் எண்டு சொல்றது உறுப்பு ஏதும் செயலிழந்து 48 மணித்தியாலத்துக்கு மேலயும் அப்படியே நிண்டாத்தான். அதால நான் காலைமை, பின்னேரம், அடுத்த நாள் எண்டு திரும்பத் திரும்பப் போட்டு பீ.எச்.ரியில (நோயாளிட வார்ட் குறிப்பேட்டில) எழுதுவன். முதல் நாள் ரெண்டு இருந்து அடுத்த நாள் நாலுக்குப் போன குடிக்காரத் தம்பியொராள் இரிக்கான், அவன்ட ஆபத்தைக் காட்டினது அந்த ஏற்றம்தான். ஆப் இந்தப் பழைய ஸ்கோரைச் சேமிக்காது, அதுக்கு இன்னொரு அரை ஸ்டார் வெட்டு.

நல்லதையும் சொல்லிடுறன், நெட் இல்லாமலும் வேலை செய்யும், மாரியில சிக்னல் போற நேரம் அது பெரிய விசயம். விளம்பரம் குறைவு. பத்து வருசத்துப் பழைய ஃபோன்லயும் ஓடும். தமிழ் இல்ல, சிங்களமும் இல்ல.

போடுற ஆக்கள் யூனிட்டை முதல் சரிபாருங்க, ஸ்கிரீனைச் சொந்தக்காரர் பக்கம் திருப்பாதீங்க. யூரியா விசயம் எழுதி அவங்களுக்கு மெயில் போட்டன், நன்றி எண்டு ஒரு ஓட்டோ ரிப்ளை வந்திச்சு. அதுக்குப் பிறகு ரெண்டு அப்டேட் வந்து ஐகன்ட கலர்தான் மாறியிரிக்கு.