ரோரிஸ் ஸ்டோரி கியூப்ஸ்: கதைப் பட்டறைக்கு வாங்கலாமா?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதைப் பட்டறை நடத்துகிறேன். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் வருவார்கள். மற்ற நாள்களில் நான் நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை. பட்டறைக்கென்று கைக்காசு போட்டு வாங்கியவற்றில் அதிகம் உழைத்தது ‘ரோரிஸ் ஸ்டோரி கியூப்ஸ்’ என்ற பகடைப் பெட்டிதான். பார்க்கிற ஆசிரியர்களும் அம்மாக்களும் “இது எங்கங்க கெடைக்கும், வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குள் ஒன்பது பகடைகள். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான கட்டை. முனைகளை மழுக்கியிருப்பதால் கையில் குத்தாது. புள்ளிகளுக்குப் பதிலாக முகத்துக்கு ஒரு படம், ஆக மொத்தம் 54 படங்கள். ஆமை, தேனீ, பிறைநிலா, செம்மறி, கைபேசி, விமானம், வானவில், காந்தம், பூதக்கண்ணாடி, கேள்விக்குறி என்று எல்லாமே கறுப்புக் கோட்டில் வரைந்தவை. சொல் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பட்டறைக்கு இதுதான் பெரிய வசதி. எந்த மொழிப் பிள்ளையும் தன் மொழியிலேயே படிக்கலாம். வட அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி ஓ’கானர் என்ற படைப்பாற்றல் பயிற்சியாளர் உருவாக்கியது இது. முதலில் ரூபிக் கனசதுரத்தின் மேல் படங்களை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சிக்கலை வேறு கோணத்தில் பார்க்கப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அப்போது நோக்கம். தனித்தனிக் கட்டைகளாகப் பிரித்த பிறகு அது கதை சொல்லும் விளையாட்டாகிவிட்டது.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், நம் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து “ஒரு கதை எழுதுங்க” என்றால் காக்காவும் வடையும் வரும். இல்லாவிட்டால் முயலும் ஆமையும் வரும். கடைசியில் ‘நீதி’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருப்பார்கள். தேர்வில் ‘குறிப்புகளைக் கொண்டு கதையை விரித்து எழுதுக’ என்று ஒரு வினா வரும். நான்கைந்து சொற்கள் இருக்கும், இடையிடையே கோடு இருக்கும். அந்தக் கோடுகளை நிரப்பியே பழகிய பிள்ளைக்குக் கதை என்பது எங்கேயோ யாரோ முடித்து வைத்துவிட்ட ஒன்று. தான் சொன்னால்தான் அது நடக்கும் என்ற எண்ணமே வருவதில்லை. தலைப்பு கொடுத்தாலும் இதே கதிதான். ‘மழை’ என்றால் மழையின் பயன்களை எழுதிக் கொடுப்பார்கள். பகடை அப்படி இல்லை. தன் கையால் உருட்டி, தனக்கென்று விழுந்தது. இதற்கு விடை பாடப்புத்தகத்தில் இல்லை, டீச்சரிடமும் இல்லை. இது புரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முதல் தடவை ஜமுக்காளத்தின் நடுவில் கொட்டியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு பையன் மூன்றை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, “தாயம்!” என்று கத்திக்கொண்டே உருட்டினான். பாட்டிகளோடு தாயம் ஆடிய கை அது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இதற்குப் பெயர் கதைத்தாயம். (சிமெண்டுத் தரையில் உருட்ட விடாதீர்கள். சத்தம் மண்டையைப் பிளக்கும். நூலகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் பொறுமை வேண்டுமே.)

ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குச் செம்மறி, கைபேசி, பிறைநிலா மூன்றும் விழுந்தன. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “டீச்சர், நெலா வந்துட்டா ராத்திரின்னு வச்சுக்கலாமா?” என்றாள். “வச்சுக்கம்மா, நெலாவாத்தான் இருக்கணும்னு இல்ல.” அவ்வளவுதான் என் பங்கு. அவள் எழுதிய கதையில் ஓர் அப்பத்தா கிடை போட்டிருக்கிறாள். கண்மாய்க்கரை மேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். துபாயில் இருக்கும் மகன் வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே ராத்திரியாகிவிடும். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, கரை ஏற முடியாது. ஒரே ஒரு ஆடு மட்டும் தினமும் பொழுது சாய்ந்ததும் கரை மேல் ஏறி நின்றுகொள்ளும். அதை விரட்டப் போகிற சாக்கில் அப்பத்தாவும் ஏறிவிடுவாள். “அந்த ஆட்டுக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். “அத நீ எழுது” என்று சொல்லிவிட்டாள். அந்தத் தாளில் நீதி இல்லை, அடிக்கோடும் இல்லை. மகன் என்ன பேசினான் என்பதைக்கூட அவள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

படங்கள் நம் ஊருக்காக வரைந்தவை அல்ல என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பிரமிடு விழுந்தால் வைக்கோல் படப்பு என்கிறார்கள். நீரூற்றைப் பார்த்து ஒருவன் “எங்க தோட்டத்துல போர் போட்டப்ப இப்படித்தான் டீச்சர் பீச்சி அடிச்சுச்சு” என்றான். அதிலிருந்து மொத்தக் கதையும் வந்தது: ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புழுதி, ரிக் வண்டிக்காரர் கணக்கு கேட்கிறார், அப்பா பேசவே இல்லை. படம் எதைக் காட்டுகிறது என்று நான் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது. பட்டறை நடத்துகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். படத்துக்குப் பெயர் சொல்லாதீர்கள். “இது என்ன டீச்சர்?” என்று கேட்டால் “உனக்கு என்னவாத் தெரியுது?” என்று திருப்பிக் கேளுங்கள்.

கையேடு ஒன்பதையும் உருட்டச் சொல்கிறது. முதலில் கண்ணை இழுக்கும் படத்தில் தொடங்கி, ஒன்பதையும் கோத்து ஒரு கதை சொல்ல வேண்டும். அந்த முதல் பாதி அருமையான அறிவுரை. எங்கே தொடங்குவது என்று தவிக்கும் பிள்ளைக்கு அது போதும். ஒன்பதையும் கோப்பது என்பது வீட்டில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து வாயால் சொல்லும்போது சரிப்படும், சிரிப்பும் வரும். எழுதுவதற்கு அது ஒத்துவராது. ஆடு வந்தது, பிறகு மீன் வந்தது, பிறகு விமானம் வந்தது என்று வருகைப்பதிவேடு ஆகிவிடும். எழுத்துக்கு மூன்று போதும். நான்காம் வகுப்புக்கு இரண்டே கூடப் போதும். பிடிக்காத ஒன்றை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது. எத்தனை தடவையும் உருட்டலாம் என்று விட்டால் பழகிய படம் விழும்வரை உருட்டுவார்கள், பழைய கதைக்கே திரும்பிவிடுவார்கள்.

உருட்டியதும் பென்சிலைத் தொட விடுவதில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கதையை வாயால் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு ஒரே ஒரு கேள்விக்கு அனுமதி. அடுத்து நான் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கேட்பேன்: “இந்தக் கதையில யாருக்கு என்ன வேணும்? அது ஏன் கெடைக்கல?” பகடை ஆளையும் பொருளையும் கொடுக்கும். ஆசையைக் கொடுக்காது. அது பிள்ளையிடமிருந்துதான் வர வேண்டும். கால் மணி நேரம் ஆனதும் பகடைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன். எதிரிலேயே கிடந்தால் கண் அதிலேயே இருக்கும். பெட்டி மூடிய பிறகு ஒரு பிள்ளை தன் கதையிலிருந்து ஆட்டைத் தூக்கிவிட்டு அத்தையைக் கொண்டுவந்தால் எனக்குச் சந்தோஷம்தான். விழுந்த படம் எங்கே என்று நான் தேடுவதில்லை.

பகடையால் ஆகாத பெரிய வேலை ஒன்று உண்டு. கதைமாந்தரின் பேச்சு. நம் பிள்ளைகள் எழுத உட்கார்ந்ததும் கதையில் வரும் அம்மா, “நான் கடைக்குச் சென்று வருகிறேன், நீ வீட்டைப் பார்த்துக்கொள்” என்று பேச ஆரம்பித்துவிடுகிறாள். வீட்டில் எந்த அம்மாவும் இப்படிப் பேசுவதில்லை. “கடைக்குப் போயிட்டு ஒரெட்டுல வந்திர்றேன், அடுப்பப் பாத்துக்க” என்பாள். அப்படி எழுதலாம் என்பதே அவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. “மார்க் கொறைச்சிர மாட்டீங்களே?” என்று கேட்டவர்கள் உண்டு. தமிழாசிரியையான நானே சொல்கிறேன்: கதைக்குள் பேசுகிறவர் அவர் பேச்சில் பேசட்டும். இதற்குப் பகடை உதவாது. பேருந்து நிலையத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வரச் சொல்வேன். அந்தச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, மூன்று பகடையோடு ஒரு சீட்டும் எடுக்க வைப்பேன். ‘சில்லற இல்லன்னா எறங்கிக்க’ என்ற சீட்டும் விமானமும் ஒரு பையனுக்குச் சேர்ந்து வந்தன. நடத்துநர் வைத்த விமானம் ஒன்று அன்றைக்குப் புறப்பட்டது.

முதல் படியில் எழுத்துப்பிழை திருத்துவதில்லை. ர, ற எல்லாம் இடம் மாறித்தான் கிடக்கும். கிடக்கட்டும். அடுத்த வாரம் படி எடுத்து எழுதும்போது ஒருவர் தாளை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். சிவப்பு மையைப் பார்த்ததும் சுருங்கிப்போகும் பிள்ளைகளை வகுப்பில் தினம் பார்க்கிறேன். சனிக்கிழமையும் அது எதற்கு?

எத்தனை பேருக்குப் போதும் என்பது வாங்கும் முன் யோசிக்க வேண்டிய விஷயம். குழுவுக்கு மூன்று பகடை என்றால் ஒரு பெட்டியில் மூன்று குழு, குழுவுக்கு நான்கு பேர், ஆகப் பன்னிரண்டு பிள்ளைகள். நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. படங்கள் சிறியவை, மூன்றாவது வரிசைக்கே தெரியாது. விழுந்த படங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்தான். ஆனால் தன் கையால் உருட்டும் சுகம் போய்விட்டால் அது இன்னொரு குறிப்பு வினாதான்.

பெரிய வகுப்புக்கு நானே வேறு வழி செய்துகொண்டேன். தச்சுப் பட்டறையில் மிச்சத் துண்டுகளை ஒன்றரை அங்குலக் கட்டைகளாக அறுத்துத் தரச் சொல்லலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். ஆளுக்கு ஒரு கட்டையும் மார்க்கரும் கொடுத்து, உங்கள் தெருவில் பார்ப்பதை ஆறு பக்கமும் வரையுங்கள் என்றேன். பனைமரம், டவுன் பஸ், கேஸ் சிலிண்டர், மேல்நிலைத் தொட்டி, உடுக்கை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. வரைகிற ஒரு மணி நேரமே நல்ல பட்டறை. அப்படியானால் காசு கொடுத்து வாங்குவது எதற்கு என்று கேட்கலாம். உள்ளூர்க் கட்டைகள் மட்டும் என்றால் கதைகள் தெருவை விட்டு நகர மாட்டேன் என்கின்றன. வாங்கிய பகடைகள் மட்டும் என்றால் சிலர் கோட்டைக்கும் மந்திரக்கோலுக்கும் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வெளியூர் இரண்டு, உள்ளூர் ஒன்று என்று கலந்து உருட்டும்போதுதான் பொறி பறக்கிறது. கேஸ் சிலிண்டரும் ஆமையும் வானவில்லும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் ஏற்கெனவே கேட்ட கதையை எழுத முடியாது.

பெட்டியில் ஆறு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டித் தம்பிகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டை சிறியது. இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கடைக்குக் கடை மாறும். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத நகல்களை நானும் ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். பிள்ளைகள் கைவேர்வையில் சில வாரங்களிலேயே படம் அழிந்துவிட்டது. மூலப் பெட்டியில் படங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றால் தயங்காமல் வாங்கலாம். பயணத்துக்கும் எடுத்துப்போகலாம், சட்டைப்பையில் அடங்கிவிடும். இதே வரிசையில் ‘ஆக்‌ஷன்ஸ்’, ‘வாயேஜஸ்’ என்று வேறு பெட்டிகளும் உண்டு. ‘வாயேஜஸ்’ பட்டறைக்கு அவசரமில்லை. ‘ஆக்‌ஷன்ஸ்’ பெட்டியில் 54 படங்களும் செயல்கள்: தள்ளுவது, தட்டுவது, தூங்குவது போன்றவை. வினைச்சொல் பஞ்சத்தில் எல்லாரும் ‘சென்றான், வந்தான், கூறினான்’ என்றே எழுதும் ஆறாம் வகுப்புக்கு அது நல்ல துணை. ஒரே படத்துக்கு நகர்த்தினான், உந்தினான், நெட்டித் தள்ளினான் என்று எத்தனை சொல் வருகிறது என்று முதலில் பலகையில் எழுத வையுங்கள், அப்புறம் கதைக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் பெட்டியை வாங்கிவிட்டு, மிச்சக் காசைத் தச்சரிடம் கொடுங்கள்.