முவோனியோனலுஸ்டா விண்கல் சில்லு, 48 கிராம்: ஐந்துக்கு மூன்றரை

கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரி லேபில் 22 வருடம் இருந்தேன். வார்ப்பிரும்புத் துண்டை எமரி பேப்பரில் தேய்த்து, நைட்டாலில் (நைட்ரிக் ஆசிடும் ஆல்கஹாலும் கலந்தது) எட்ச் பண்ணி, அதாவது மேற்பரப்பை லேசாக அரிக்கவிட்டு உள்ளமைப்பு தெரியும்படி செய்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் பிழைப்பு. ரிட்டயர் ஆனதும் எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு, முவோனியோனலுஸ்டா என்ற இரும்பு விண்கல்லிலிருந்து அறுத்த இந்தச் சில்லு. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கினேன். 6 செ.மீ.க்கு 4 செ.மீ., கனம் இரண்டரை மில்லிமீட்டர்.

சரக்கு அசல், அதில் சந்தேகமில்லை. ஜன்னலோரம் பிடித்துச் சாய்த்தால் ஒரு பக்கமாகப் போகும் பட்டைகள் வெள்ளியாக மின்னுகின்றன, குறுக்கே போகிறவை கறுக்கின்றன. கொஞ்சம் திருப்பினால் அப்படியே மாறிவிடுகிறது. நிக்கல் குறைந்த இரும்பும் நிக்கல் கூடிய இரும்பும் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்ததால் வந்த கோலம் இது, விட்மன்ஸ்டேட்டன் என்பார்கள். ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் லட்சக்கணக்கான வருடம் மெல்ல மெல்ல ஆறினால்தான் இப்படிப் படியும். எங்கள் வார்ப்பெல்லாம் மறுநாள் காலைக்குள் ஆறிவிடும், அதில் எங்கே போய்க் கோலம் தேடுவது! போலி பயம் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் எட்ச் பண்ணியிருந்தால் அதே கோணங்கள் இருக்கும், ஆனால் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் எட்ச் பண்ணியது என்று விற்றுவிட்டு முன்பக்கத்தில் மட்டும் கோலம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இது கிடைத்த இடம் சுவீடனின் வடகோடி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே பயாலா வட்டாரம். 1906இல் முதல் துண்டைக் கண்டெடுத்தது பிள்ளைகள். விழுந்து பத்து லட்சம் வருடம் இருக்கும் என்கிறார்கள். அதற்கப்புறம் பனிப்பாறைகள் வந்து வந்து இழுத்துப் போனதால் விழுந்த இடம் வேறு, கிடக்கிற இடம் வேறு. பள்ளமும் இல்லை, அடையாளமும் இல்லை. பனிப்பாறை தள்ளிக் குவித்த கல்லும் மண்ணுமான மேட்டில் மெட்டல் டிடெக்டரோடு நடந்து, சத்தம் வந்த இடத்தில் தோண்ட வேண்டும்.

அண்டார்டிகாவில் இன்னும் சிரமம். அங்கே எடுத்த விண்கற்களில் இரும்பு வகை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. மற்ற இடங்களில் ஐந்து போலக் கிடைக்கிறது. இரும்பு வெயிலின் சூட்டைச் சட்டென்று அடிப்பக்கத்துக்குக் கடத்தி, கீழே உள்ள பனியை உருக்கி, தானே அமிழ்ந்துவிடுகிறது என்று 2016இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அப்புறம் அவர்களே ஸ்னோமொபைலுக்குப் பின்னால் டிடெக்டர் பலகைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு தேடப் போனார்கள். இதையெல்லாம் படித்த பிறகு விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை மார்க் குறைத்தது துருவுக்காக. பார்சலில் பஞ்சும், பெயரும் எடையும் எழுதிய ஒரு அட்டையும்தான் இருந்தன. எண்ணெய் பூசியிருக்கிறதா, மெழுகா, ஒன்றுமே இல்லையா என்று ஒரு வரி கிடையாது. இந்த விண்கல் துருவுக்குப் பெயர்போனது. ஈர மண்ணில் அத்தனை காலம் கிடந்து வெடிப்புகளில் துருவைத் தூண்டும் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். நான் இப்போது இருப்பது மகள் வீட்டில், பெசன்ட் நகர். கடல் நடந்து போகிற தூரம். பத்தொன்பதாம் நாள் ஓரத்தில் காவி நிறத்தில் வியர்த்தது. விற்பனையாளருக்கு எழுதினேன். “உலர்ந்த இடத்தில் வைக்கவும்” என்று பதில் வந்தது. நவம்பர் மாதச் சென்னையில்!

பழைய லேப் நண்பரிடம் எடுத்துப் போய் 600, 1000 நம்பர் எமரி பேப்பர் போட்டு, மறுபடி எட்ச் பண்ணி, ஆல்கஹாலில் ஊறவைத்து, ஓவனில் காயவைத்து, மெழுகு தடவிக்கொண்டு வந்தேன். ஆசிட் சமாச்சாரம், வீட்டில் செய்யாதீர்கள். இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில், மகளின் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பூச்சு என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

போன வாரம் டப்பாவைத் திறந்தேன். வலது ஓரத்தில் கடுகளவு காவிப் புள்ளி ஒன்று மறுபடி வந்திருக்கிறது.