சோஃபோஸ் யூடிஎம் போகிறது: அந்த இடத்துக்கு ஓபிஎன்சென்ஸ் சரிவருமா?

வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வால் மென்பொருளான சோஃபோஸ் யூடிஎம் 9-க்கு ஆதரவு கிடைக்கும் கடைசி நாள் 2026 ஜூன் 30 தான். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய கணினியொன்றில் இதைப் போட்டு ஓட்டும் தோட்ட ஆபீஸ்களுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் ஓபிஎன்சென்ஸ் (OPNsense) என்ற ஃபயர்வால் தாராளமாகப் போதும். லைசன்ஸ் காசு கிடையாது. ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு வரும். மெயில் வடிகட்டவும் யூடிஎம்மையே நம்பியிருந்தவர்கள் மட்டும் வேறு வழி பாருங்கள். இதில் அதற்கு பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) உண்டு, ஆனால் யூடிஎம் அளவுக்கு இலகுவில்லை.

யூடிஎம் பேக்கப்பை இது வாசிக்காது. விதிகளைக் கையால்தான் திரும்ப எழுத வேண்டும், பழைய பெட்டியை அணைக்குமுன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி போதும். கஞ்சத்தனம் கூடாத இடம் நெட்வேர்க் கார்ட். இன்டெல் ஐ210, ஐ350 வாங்குங்கள். ரியல்டெக் என்றால் லோட் ஏறும்போது லிங்க் விழுந்து விழுந்து எழும்பலாம்.

யூஎஸ்பியில் பூட் ஆனதும் 'installer' என்ற பெயரிலும் 'opnsense' என்ற பாஸ்வேர்டிலும் நுழையுங்கள். டிஸ்க்கின் கோப்பு முறைக்கு யூஎஃப்எஸ் (UFS) வேண்டாம், இசட்எஃப்எஸ் (ZFS) தெரிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் திடுதிப்பென்று போனாலும் பெட்டி திரும்ப எழும்பும்.

அடுத்து பலர் தடுமாறுவது முகவரியில். ஓபிஎன்சென்ஸின் லேன் (உள் வலையமைப்புப் பக்கம்) முகவரி 192.168.1.1. ஃபைபர் ரவுட்டரும் அதே முகவரியில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே வலையமைப்பாகி, நெட் வராது. கன்சோலில் (பெட்டியோடு இணைத்த திரையில் வரும் மெனுவில்) 2-ஐ அழுத்தி லேனை 192.168.20.1 ஆக்கினால் தீரும்.

ஊடுருவல் தடுப்புக்கு (ஐபிஎஸ்) சுரிகாட்டா என்ற மென்பொருள் இதில் இருக்கிறது. பிபிபிஓஈ (PPPoE, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும்) இணைப்பு வைத்திருப்பவர்கள் அதை வேனில் (WAN, இணையப் பக்கம்) போடாதீர்கள். ஐபிஎஸ் முறைக்கு வேண்டிய நெட்மேப் என்ற உட்பகுதி அங்கே வேலை செய்யாது. லேனில் போடுங்கள்.

சித்திரை, ஐப்பசி இடிமின்னலுக்கு யூபிஎஸ் மட்டும் காணாது. பெக்டரிக்கும் ஆபீஸுக்கும் நடுவே வெளியால் இழுத்த செப்பு லேன் வயர் வழியாகத்தான் பல கார்ட்கள் எரிகின்றன. அந்தத் துண்டுக்கு ஃபைபரும் இரு முனையிலும் அதைச் செப்பு வயருக்கு மாற்றும் இரண்டு மீடியா கன்வேர்ட்டரும் போடுங்கள். எரிந்தாலும் சமாளிக்க, ஓபிஎன்சென்ஸின் அமைப்புகள் உள்ள கான்ஃபிகரேஷன் எக்ஸ்எம்எல் ஃபைலை வேறொரு கணினியில் சேமித்து வையுங்கள். வேறு கார்ட் உள்ள பெட்டியில் அதை ஏற்றினால் போர்ட் பெயர்கள் பொருந்தாது. கன்சோலில் 1-ஐ அழுத்தி வேன், லேன் இரண்டையும் திரும்ப ஒதுக்க வேண்டும்.