எஃப்ரவுண்டா, எஃப்16ரவுண்டா?

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நாம் சாதாரணமாக எழுதும் எண் எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண்தான் (புள்ளியின் இடம் எண்ணின் அளவுக்கேற்ப நகரும் வடிவம்). கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும்போது அது 32 பிட்டாகவோ 16 பிட்டாகவோ சுருங்கிவிடுகிறது. சுருங்கினால் என்ன மதிப்பு மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. 2015 தரநிலையில் வந்த மேத்.எஃப்ரவுண்ட் 32 பிட்டுக்கு. 2025 தரநிலையில் சேர்ந்த மேத்.எஃப்16ரவுண்ட் 16 பிட்டுக்கு.

எஃப்ரவுண்ட் எனக்கு முதலில் உதவியது டெஸ்ட் எழுதும்போது. ஃப்ளோட்32அர்ரேயில் (எண்களை 32 பிட்டாகவே வைத்திருக்கும் பட்டியல்) 0.1-ஐப் போட்டுத் திரும்ப எடுத்து, 0.1-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். உள்ளே இருப்பது 0.10000000149011612. இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்க வேறெங்கோ பிழை தேடினேன். ஒப்பிடும் எண்ணையும் எஃப்ரவுண்டில் போட்டு எடுத்ததும் டெஸ்ட் பாஸ் ஆனது.

எண்களை 16 பிட்டாகவே சேமிப்பதன் ஆதாயம் இடம். பத்து லட்சம் எண்களுக்கு 64 பிட்டில் 80 லட்சம் பைட் ஆகும். 16 பிட்டில் 20 லட்சம் போதும். ஆனால் இரண்டில் எதை எடுப்பது என்பதை பிட் கணக்கு முடிவுசெய்வதில்லை. உங்கள் எண் எவ்வளவு பெரியது, அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். 0-க்கும் 1-க்கும் இடையில் 16 பிட்டின் இடைவெளி 2048-இல் ஒரு பங்கைத் தாண்டாது. 8 பிட் நிறத்தின் ஒரு படியோ 255-இல் ஒரு பங்கு. எனவே நிறங்களுக்கு 16 பிட்டைத் தாராளமாக நம்பலாம்.

வரைபடத்துக்கு நம்பவே கூடாது. சென்னையின் தீர்க்கரேகை 80.27-ஐ எஃப்16ரவுண்டுக்குக் கொடுங்கள், 80.25 வரும். தரையில் அது இரண்டு கிலோமீட்டருக்கு மேல். எஃப்ரவுண்டில் அதே பிசகு அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். முழு எண்களிலும் இதே கதைதான்: 16 பிட்டில் 2049 என்ற எண்ணே கிடையாது, 2048 ஆகிவிடும். 65520-ஐத் தொட்டால் முடிவிலி.

இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். 1-உடன் 2-இன் −11ஆம் அடுக்கையும் −30ஆம் அடுக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். நேராக எஃப்16ரவுண்டில் போட்டால் 1.0009765625, அதுதான் சரியான விடை. முதலில் எஃப்ரவுண்டில் போட்டால் அந்தக் கடைசித் துணுக்கு உதிர்ந்து, எண் 1-க்கும் 1.0009765625-க்கும் சரியாக நடுப்புள்ளியில் நிற்கும். அங்கிருந்து 16 பிட்டுக்குப் போனால் 1-க்கு இறங்கிவிடும். எஃப்16ரவுண்ட் இல்லாத பழைய பிரவுசர்களுக்காகப் பாலிஃபில் (அந்தக் குறையை நிரப்பும் மாற்று நிரல்) சேர்ப்பவர்கள், முதல் சோதனையாக இந்த எண்ணையே கொடுத்துப் பாருங்கள்.