"ஆவரேஜ் பண்ணிடலாம் அக்கா" என்று யாராவது சொன்னால்

பங்குச் சந்தை சரியும்போதெல்லாம் இங்கே சிங்கப்பூரில் அலுவலகத்திலும் தேக்கா காப்பிக்கடையிலும் ஒரே பேச்சு காதில் விழுகிறது. "இப்ப விக்காதீங்க, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்." விலை இறங்கும்போது மேலும் வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைப்பதைத்தான் "ஆவரேஜ்" என்கிறார்கள். இதை நம்பி நான் 15,000 வெள்ளிக்கு மேல் இழந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2015 தொடக்கத்தில், கடலில் எண்ணெய் எடுப்பவர்களுக்குக் கப்பல் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பங்கை 2 வெள்ளி விலையில் 5,000 வாங்கினேன். 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் அதற்குள் பாதிக்கு வந்துவிட்டது. "அதனாலதான் மலிவு" என்றார் என் ரெமிசியர், அதாவது எனக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் தரகு முகவர். பல வருடப் பழக்கம். மகனின் படிப்புக்காகச் சேர்த்த பணம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகஸ்டில் சீனா நாணய மதிப்பைக் குறைத்தது, சந்தை விழுந்தது, என் பங்கு 1.40. விற்றுவிடலாம் என்று போன் செய்தேன். 3,000 வெள்ளி நஷ்டத்தோடு போயிருக்கும். அவர் விடவில்லை. "வித்தாத்தானே அக்கா நஷ்டம்?" என்றார். அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! இன்னொரு 5,000 வாங்கினேன்.

2016 ஜனவரியில் எண்ணெய் 30 டாலருக்கும் கீழே போனது. பங்கு 90 காசு. கையில் பணமில்லை என்றேன். தேக்காவில் உட்கார்ந்து ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இருக்கும் பங்குகளை ஈடாக வைத்து மார்ஜின் கணக்கில் 9,000 கடன் வாங்கி இன்னும் 10,000 பங்கு எடுத்தால், சராசரி விலை 1.30. அந்த 1.30-ஐ இரண்டு தடவை வட்டமிட்டார். "இது வந்தா போதும், போட்ட காசு கைக்கு வந்துடும்." கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து நிறுவனத்துக்கு எவ்வளவு கடன், ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. 1.30 வருமா என்பது மட்டும்தான் கண்ணில் நின்றது.

ஜூலையில் அதே துறையில் இருந்த ஸ்வைபர் என்ற நிறுவனம் கடன் கட்ட முடியாமல் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் துறைப் பங்கையே யாரும் தொடவில்லை. எனக்கு மார்ஜின் கால் வந்தது, அதாவது ஈட்டின் மதிப்பு குறைந்துவிட்டது, உடனே பணம் கட்டுங்கள் என்ற அழைப்பு. கட்ட முடியவில்லை. 20,000 பங்கையும் தரகு நிறுவனத்தாரே 55 காசுக்கு விற்றுவிட்டார்கள். நான் போட்ட ரொக்கம் 17,000. கடனும் வட்டியும் போக மிஞ்சியது 2,000-த்துக்கும் குறைவு.

ஒவ்வொரு தடவை வாங்கியபோதும் என் ரெமிசியருக்குத் தரகுக் கட்டணத்தில் ஒரு பகுதி போனது. கடைசியில் விற்றதற்கும் தரகு பிடித்தார்கள். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் "விற்றுவிடுங்கள்" என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

புகார் கொடுத்தேன். தரகு நிறுவனம் தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டியது. "பத்தாயிரம் வாங்கவா அக்கா?" "சரி, வாங்குங்க." என் குரல்தான். ரசீதில் போட்ட கணக்கும் காப்பிக்கடைப் பேச்சும் எந்தப் பதிவிலும் இல்லை.

இப்போது இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் முகவர் தரும் ஆலோசனையை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரகு நிறுவனத்தின் பதில் திருப்தி இல்லை என்றால், அந்த எழுத்தோடு, நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் (FIDReC) மையத்துக்குப் போகலாம். வாங்கிய விலையை மறந்துவிட்டு, இன்று கையில் காசு இருந்தால் இதே பங்கை வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருந்தால் 1.40-லேயே வெளியே வந்திருப்பேன்.

மார்ஜின் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றிரவே அறிக்கையை எடுங்கள். பங்கு எந்த விலைக்கு இறங்கினால் உங்களைக் கேட்காமலே விற்பார்கள் என்று கணக்குப் போடுங்கள். புரியவில்லை என்றால் நாளைக் காலை தரகு நிறுவனத்துக்கே போன் செய்து அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.